ஒரே தேதியில ரெண்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்தா? வேண்டாம் தங்கச்சி

ஏற்காடு பக்கம் ஒரு மலைக்கிராமத்துல இருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஸ்கூல் பேரு எதையும் இங்க போடல. விஷயம் இதுதான்.

வயசு 31. மலையாளி பழங்குடி. அப்பா காபி எஸ்டேட்ல வேலை பாத்தவர். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் தினமும் மலை இறங்கி சேலத்துல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, அது இங்கிலீஷ் மீடியம், 58 சதவீதம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுறார், நாலு வயசுல ஒரு பையன். அஞ்சு வருஷமா ஒரு தனியார் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் சயின்ஸ் எடுக்கறாங்க, சம்பளம் 9,000. பி.எட். இல்ல. இத்தனை நாள் கண்டுக்காத ஸ்கூல் இப்ப திடீர்னு "பி.எட். இல்லாம இனி வச்சுக்க முடியாது, எங்கயாவது வாங்கிட்டு வாங்க"ன்னு சொல்லிருச்சு. வாங்கிட்டு வாங்கன்னா மளிகை சாமானா அது? வீட்டுக்காரரோட மாமா ஒரு ஏஜென்ட்ட கூட்டிட்டு வந்திருக்கார், பக்கத்து ஸ்டேட்ல காலேஜ், கிளாஸுக்கு போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் போயிட்டு வந்தா போதும், மொத்தம் 90,000 ரூபாய். இதுக்கு நடுவுல "இங்கிலீஷுக்குதான் டிமாண்ட்"னு யாரோ சொன்னத கேட்டு தொலைதூரக் கல்வியில எம்.ஏ. இங்கிலீஷ் சேந்து முதல் வருஷமும் முடிச்சிட்டாங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஸ்கூல் பீரோல இருக்கு. ஏஜென்ட்கிட்ட பணம் கட்டலாமா, எம்.எஸ்சி. முதல்லயா பி.எட். முதல்லயா, வயசு தாண்டிருச்சா, டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணா மலையிலயே போஸ்டிங் கிடைக்குமா, இதுதான் கேள்வி. கடைசியில பன்னெண்டாவது படிக்கிற அவங்க சொந்த தங்கச்சிக்காகவும் ஒரு கேள்வி கேட்டிருக்காங்க.

தங்கச்சி, முதல்ல வயசு விஷயத்த சொல்லிடறேன், ஏன்னா லெட்டர்ல மூணு எடத்துல "எனக்கு வயசாயிடுச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் மூலமா அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகறதுக்கு இப்ப பொதுப் பிரிவுக்கே 53 வயசு வரைக்கும் உண்டு, உங்களுக்கு 58. உங்க கையில 27 வருஷம் இருக்கு. அதனால அவசரப்பட்டு ஏஜென்ட்கிட்ட ஓட வேண்டிய காரணம் ஒண்ணு இங்கயே போயிருச்சு.

அந்த 90,000 ரூபாய் பி.எட்.

நான் இருபது வருஷத்துக்கு மேல அரசு மேல்நிலைப் பள்ளியில பாடம் எடுத்தவன், இப்ப சேலத்துல உக்காந்து பிள்ளைங்களுக்கு வழி சொல்லிட்டு இருக்கேன், இந்த "போகாமலே பி.எட்." கேஸ் வருஷத்துக்கு நாலஞ்சாவது என் டேபிளுக்கு வந்துரும். பணம் கட்டறதுக்கு முன்னாடி வர்றவங்க கம்மி, கட்டிட்டு அழுதுட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. நீங்க முன்னாடியே கேட்டீங்க, நல்லது.

பி.எட். 2015-ல இருந்து ரெண்டு வருஷப் படிப்பு. ஆசிரியர் படிப்புகளுக்கு விதி போடற மத்திய அமைப்பான என்சிடிஇயோட 2014 விதிமுறைப்படி வகுப்புக்கு 80 சதவீதம், ஸ்கூல்ல போய் பாடம் எடுத்துப் பழகற இன்டர்ன்ஷிப்புக்கு 90 சதவீதம் அட்டெண்டன்ஸ் இருக்கணும். இன்டர்ன்ஷிப் மட்டுமே ரெண்டு வருஷத்துல 20 வாரம், முதல் வருஷம் 4, ரெண்டாவது வருஷம் 16. ஏஜென்ட் காலேஜுக்கு என்சிடிஇ அங்கீகாரம் இருக்கலாம், சர்டிபிகேட் கூட நிஜமாவே பல்கலைக்கழகம் கொடுத்ததா இருக்கலாம். "அப்ப அது போலி இல்லையே சார்"னு நீங்களே எழுதியிருக்கீங்க. சர்டிபிகேட் நிஜம்தான், அட்டெண்டன்ஸ்தான் பொய். காலேஜ் ரிஜிஸ்டர்ல 2 வருஷம் நீங்க தினமும் வந்ததா எழுதி வச்சிருப்பாங்க. அதே 2 வருஷம் ஏற்காட்டுல உங்க ஸ்கூல் ரிஜிஸ்டர்லயும் நீங்க கையெழுத்து போட்டிருப்பீங்க, சம்பளம் பேங்க்ல ஏறியிருக்கும், பி.எஃப். பிடிச்சிருந்தா அதுவும் இருக்கும், பள்ளிக்கல்வித் துறையோட எமிஸ்ங்கற ஆன்லைன் பதிவுல உங்க பேரும் இருக்கும். நாளைக்கு வேலைக்குன்னு போறப்ப அனுபவச் சான்றிதழ்னு ஆசையா நீங்க கொண்டு போய் நீட்டற பேப்பரே உங்களுக்கு எதிரான சாட்சி. சர்டிபிகேட் வெரிஃபிகேஷன்ல தேதியயும் பாப்பாங்க, மார்க்க மட்டும் இல்ல. வேலை கிடைச்ச பிறகு தெரிய வந்தா வேலையும் போகும், கேஸும் வரும், அந்த நேரம் மாமாவும் இருக்க மாட்டார் ஏஜென்ட்டும் போன எடுக்க மாட்டான்.

சரி, நேர்மையாவே வேலை பாத்துக்கிட்டே தொலைதூரத்துல பி.எட். படிக்கலாமேன்னு கேட்டிருக்கீங்க. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுலயும் பி.எட். இருக்கறது உண்மை. ஆனா அது ஏற்கனவே ஆசிரியர் பயிற்சி, அதாவது டி.டி.எட்., டி.எல்.எட். மாதிரி ஒண்ணை நேர்ல படிச்சு முடிச்சவங்களுக்கு. வெறும் டிகிரிய வச்சுட்டு சேர முடியாது. அஞ்சு வருஷம் பாடம் எடுத்த அனுபவம் இந்த தகுதிக்கு ஈடாகாது, நியாயமா இல்லையான்னு கேட்டா எனக்கும் வருத்தம்தான், ஆனா விதி அதுதான்.

அப்ப மிச்சம் இருக்கறது ரெகுலர் பி.எட். ஒண்ணுதான்.

ரெகுலர்னா எங்க, எவ்வளவு

தகுதியப் பத்தி பயமே வேண்டாம். டிகிரியில பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. உங்க மார்க் 58 சதவீதம். பிசிகல் சயின்ஸ் பிரிவுல வருவீங்க. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு கீழ அரசு கல்வியியல் கல்லூரி மொத்தம் ஏழு, சேலத்துல ஒண்ணும் இல்ல, நமக்கு பக்கம்னா குமாரபாளையம். அரசு உதவி பெறும் காலேஜுங்களோட எய்டட் சீட்டும், அதாவது அரசு உதவியில நடக்கற சீட்டும், அரசு காலேஜுக்கு நடக்கற அதே கவுன்சிலிங்ல வரும். சேலத்துலயே பெண்களுக்குன்னு ஸ்ரீ சாரதா கல்வியியல் கல்லூரி இருக்கு, அங்க எது எய்டட் சீட் எது சுயநிதி சீட்னு தனித்தனியா கேட்டுக்கங்க, ஃபீஸ் ரெண்டுக்கும் ஒண்ணு கிடையாது. ஜூன், ஜூலை வாக்குல ஆன்லைன்ல அப்ளிகேஷன் விடுவாங்க. எஸ்.டி. ஒதுக்கீடு ஒரு சதவீதம்தான், கேக்கறப்ப கம்மியா தெரியும், ஆனா உங்க பிரிவுல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு பி.எட்.டுக்கு அப்ளை பண்றவங்களும் கூட்டமா வரப் போறதில்ல, அதனால போடாம மட்டும் விட்டுடாதீங்க.

குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் உண்டு, அட்மிஷன் போடற அன்னிக்கே ஆபீஸ்ல கேளுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா தேதி போயிரும். ஜாதிச் சான்றிதழ் இப்ப வீட்டுக்காரர் பேர்ல புதுசா வாங்கணுமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டாம். ஜாதி பிறப்பால வர்றது, அப்பா பேரோடதான் இருக்கும், கல்யாணத்தால மாறாது. எஸ்.டி.க்கு கையெழுத்து வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வோடது, தாசில்தாரோடது இல்ல. பழைய அட்டைய மட்டும் வச்சிருந்தீங்கன்னா ஆன்லைன் சான்றிதழுக்கு இப்பவே எழுதிப் போடுங்க, மலைக்கிராமத்து பிள்ளைங்களுக்கு இதுல எவ்வளவு நாள் இழுக்கும்னு உங்களுக்கே தெரியும்.

செலவ மறைக்காம சொல்றேன். ரெண்டு வருஷம் சம்பளம் போச்சுன்னா 9,000 வீதம் 2,16,000 ரூபாய். இதோட பஸ், சாப்பாடு, பையன யாரு பாத்துக்கறதுங்கற கேள்வி. உங்க ஊர்ல இருந்து ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் தாண்டி டவுனுக்கு வந்து, சாயங்காலம் திருப்பி ஏறணும், மழைக்காலத்துல பனி மூடிட்டா இன்னும் மோசம். டிகிரிக்கு மூணு வருஷம் அப்படி வந்தவங்கதான் நீங்க, ஆனா அப்ப வீட்ல கொழந்த இல்ல. அதனால ரெண்டு வழி யோசிங்க. ஒண்ணு, திங்கள்ல இருந்து வெள்ளி ஹாஸ்டல்ல இருந்துட்டு வாரக் கடைசியில மேல வர்றது, பையன உங்க அம்மாவோ மாமியாரோ பாத்துக்கணும். இன்னொண்ணு, ரெண்டு வருஷத்துக்கு அடிவாரத்துல சின்னதா ஒரு வீடு எடுத்து குடும்பமாவே இறங்கறது, வீட்டுக்காரருக்கு கீழ இருந்தும் ஜீப் சவாரி கிடைக்கும்ல. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஆனா வாடகை யாரு கட்டறதுன்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினாத்தான் தெரியும். ஏஜென்ட்டுக்கு பொரட்டலாம்னு இருந்த 90,000 இதுக்கு உதவும்.

எம்.எஸ்சி.யா பி.எட்.டா, அந்த எம்.ஏ. என்ன ஆகும்

நம்ம ஊர்ல அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியர்னா ஆறுல இருந்து பத்து வரைக்கும், அதுக்கு டிகிரி, பி.எட்., டெட் ரெண்டாம் தாள். முதுகலை ஆசிரியர்னா பதினொண்ணு, பன்னெண்டு, அதுக்கு பி.ஜி., பி.எட்., டெட் தேவையில்ல. எம்.எட். வேணும்னு உங்க ஸ்கூல்ல சொன்னது தப்பு, எம்.எட். பி.எட். காலேஜ்ல பாடம் எடுக்கப் போறவங்களுக்கு. அதே மாதிரி பி.எட். முடிச்சா ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவதுக்கும் போகலாம்னு நினைக்காதீங்க, 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் அந்த கதவ சாத்திருச்சு, தொடக்க வகுப்புக்கு டி.எல்.எட். படிச்சவங்கதான்.

எம்.ஏ. இங்கிலீஷ் விஷயத்துல மனசு ஒடைஞ்சிட வேண்டாம், ஆனா தெரிஞ்சுக்கங்க. முதுகலை ஆசிரியர் வேலைக்கு யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே பாடமா, இல்ல அதுக்கு இணையான பாடமா இருக்கணும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு மேல எம்.ஏ. இங்கிலீஷ்னா அத கிராஸ் மேஜர்னு சொல்வாங்க, டிஆர்பியில எடுபடாது. தனியார் சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல, ஏற்காட்டுல இருக்கற ரெசிடென்ஷியல் ஸ்கூல்கள்ல இங்கிலீஷ் எடுக்க அது உதவலாம். இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி, பி.எட். சேர்றதுக்கு முன்னாடி பரீட்சை முடிஞ்சிரும்னா எழுதி முடிச்சிடுங்க. முடியலன்னா விட்டுடுங்க. பி.எட்.டும் எம்.ஏ.வும் ஒரே நேரத்துல ஓட்டறது மட்டும் வேண்டவே வேண்டாம், ரெண்டு படிப்பு ஒரே சமயத்துல படிக்கலாம்னு 2022-ல யு.ஜி.சி. சொன்னத காட்டி சிலர் தைரியம் கொடுப்பாங்க, வேலைக்கு எடுக்கறப்ப தகராறு வந்தா கோர்ட்டுக்கு அலையப் போறது நீங்கதான்.

இப்ப முக்கியமான கேள்வி, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முதல்லயா? அரசு கலைக் கல்லூரி, கருப்பூர் பெரியார் பல்கலைக்கழகம்னு விசாரிச்சு வச்சிருக்கீங்க, சந்தோஷம். முதுகலை வழியில டெட் இல்லங்கறது பெரிய லாபம், சம்பளத்துல பெரிய வித்தியாசம் கிடையாது, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400-ல ஆரம்பம், முதுகலைக்கு 36,900. ஆனா எம்.எஸ்சி. ரெண்டு, பி.எட். ரெண்டு, ஆக நாலு வருஷம் வருமானம் இல்லாம, அந்த நாலு வருஷமும் முடியற வரைக்கும் சட்டப்படி ஒரு ஸ்கூல்லயும் ஆசிரியரா நிக்க முடியாது. உங்க நிலைமைக்கு பி.எட். முதல்ல. அது முடிஞ்சா ஆறாவது வகுப்புல இருந்து எடுக்கற தகுதியில பாதி வந்துருது, டெட்டும் முடிச்சா முழுசா வந்துருது, அப்புறம் எம்.எஸ்சி.ய நிதானமா யோசிக்கலாம். நீங்க 22 வயசுல கேட்டிருந்தா மாத்தி சொல்லியிருப்பேன்.

இன்னொரு நப்பாசைய கிள்ளி எறியணும், மன்னிச்சிருங்க. தமிழ் மீடியம் பி.எட். படிச்சா 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்னு எழுதியிருந்தீங்க. 2010-ல வந்த அந்த சட்டத்த 2020-ல திருத்திட்டாங்க, அந்த வேலைக்கு கேக்கற எல்லா படிப்பையும் பள்ளிக்கூடத்துல இருந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். உங்க பி.எஸ்சி. இங்கிலீஷ் மீடியம், அதனால வராது. ஆனா பரீட்சைய தமிழ்ல நல்லா எழுத வரும்னா தமிழ் மீடியத்துலயே பி.எட். படிங்க, ஒதுக்கீட்டுக்காக இல்ல, உங்க வசதிக்காக.

டெட் பாஸ் பண்ணா போஸ்டிங்கா?

இல்ல. 2012-லயும் 2013-லயும் அப்படி ஒரு காலம் இருந்துச்சு, டெட் மார்க்க வச்சு வெயிட்டேஜ் போட்டு வேலை கொடுத்தாங்க. 2018-ல வந்த அரசாணை 149-க்கு அப்புறம் டெட் வெறும் தகுதி, அதுக்கு மேல டிஆர்பி தனியா ஒரு போட்டித் தேர்வு வைக்கும். டெட் ரெண்டாம் தாள் 150 மார்க், உங்களுக்கு குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, கணக்கும் சயின்ஸும் சேத்து 60. பொதுப்பிரிவுக்கு பாஸ் 90, உங்களுக்கு சலுகை உண்டு, எவ்வளவுன்னு அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கங்க, ஏன்னா அது மாறிட்டே இருக்கு. ஒரு தடவ பாஸ் பண்ணா ஆயுசுக்கும் செல்லும், முன்ன மாதிரி 7 வருஷ கணக்கு இல்ல. கெமிஸ்ட்ரிக்காரங்க பல பேர் டெட்ல வர்ற கணக்குப் பாடத்துலதான் கோட்டை விடறாங்க, அதனால எட்டாவது, ஒம்பதாவது கணக்கு புக்க இன்னிக்கே எடுத்து வைங்க.

"அஞ்சு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கே, தனியார் ஸ்கூல்ல டெட் எல்லாம் கேக்க மாட்டாங்க"ன்னு உங்க கூட வேலை பாக்கறவங்க சொல்றதயும் நம்பாதீங்க. 2025 செப்டம்பர் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் ஏற்கனவே வேலையில இருக்கறவங்களே, ரிட்டையர் ஆக அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தா, ரெண்டு வருஷத்துல டெட் பாஸ் பண்ணணும்னு தீர்ப்பு சொல்லிருச்சு. உங்க ஸ்கூல் திடீர்னு கடுமையானதுக்கு இந்த பயமும் ஒரு காரணமா இருக்கும்.

மலையிலயே வேலை வேணும்னா போட்டித் தேர்வுல ரேங்க் வந்து கவுன்சிலிங்ல இடம் இருக்கணும், அத யாரும் வாக்கு கொடுக்க முடியாது. ஆனா மேல ஏறி வேலை பாக்க கீழ இருக்கறவங்க பல பேர் தயங்கறாங்க, அது உங்களுக்கு சாதகம். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் நம்ம மலையில இருக்கு. அதுவரைக்கும் காலிப் பணியிடத்துல பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமா எடுப்பாங்க, பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 15,000, பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கும் டெட் முடிச்சவங்களுக்கும் முன்னுரிமை. நிரந்தரம் இல்லதான், கோடை லீவுல காசு வராது, இருந்தாலும் இப்ப வாங்கற 9,000-க்கு அது எவ்வளவோ மேல். பழங்குடிப் பிள்ளைங்களுக்கான ஏகலைவா பள்ளிகளுக்கும் போடலாம், அது மத்திய அரசு எடுக்கறது, மத்திய தகுதித் தேர்வான சிடெட் வேணும், ஆனா எந்த ஸ்டேட்டுக்கு வேணா தூக்கிப் போடுவாங்க, நாலு வயசு பையன வச்சுட்டு நான் அத சொல்ல மாட்டேன்.

உங்க தங்கச்சிக்கு ஒரே வரி. பன்னெண்டாவது முடிச்ச கையோட டிகிரியும் பி.எட்.டும் சேந்து நாலு வருஷத்துல முடியற ஒருங்கிணைந்த படிப்பு இருக்கு, மைசூர்ல இருக்கற மத்திய அரசோட மண்டலக் கல்வி நிறுவனம் ஆர்.ஐ.இ.யிலயும் உண்டு, நுழைவுத் தேர்வு எழுதணும், ஒரு வருஷம் மிச்சம், டீச்சர்தான் ஆகணும்னு அவங்களே ஆசைப்பட்டா மட்டும்.

பீரோல இருக்கற சர்டிபிகேட்

இத நீங்க கடைசி வரியில போற போக்குல எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு இதுதான் முதல்ல கண்ணுல பட்டது. ஒரிஜினல் இல்லாம பி.எட். கவுன்சிலிங் வாசல்ல கூட நிக்க முடியாது. வேலைக்கு சேர்றப்ப ஒரிஜினல வாங்கி பாத்துட்டு திருப்பிக் கொடுக்கணும், அத அடமானம் மாதிரி வச்சுக்க எந்த ஸ்கூலுக்கும் உரிமை இல்ல. "பாதி வருஷத்துல போனா தர மாட்டோம்"னு கையெழுத்து வாங்கியிருந்தாலும் அத காட்டி சர்டிபிகேட்ட பிடிச்சு வைக்க முடியாது, அவங்களுக்கு நஷ்டம்னா அத தனியா கேக்கட்டும்.

சண்ட போட வேண்டாம். "மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க என் அசல் சான்றிதழ்கள் தேவை, இத்தனாம் தேதிக்குள் தரவும்"னு ரெண்டு வரி எழுதி, என்னென்ன சர்டிபிகேட்னு வரிசையா போட்டு, நகல்ல சீல் வாங்கிக்கங்க. சீல் போட மறுத்தா ஸ்பீட் போஸ்ட்ல ரிஜிஸ்ட்ரேஷனோட அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன சான்றையும் பத்திரமா வைங்க. பத்து நாள்ல தரலன்னா தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் ஆபீஸ்ல மனு, அதுக்கும் அசையலன்னா சேலம் கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பொண்ணுங்கறதாலயும் பழங்குடிங்கறதாலயும் உங்களுக்கு அங்க வக்கீல் இலவசம், வருமானச் சான்றிதழ் கூட கேக்க முடியாது. வேலைய விடறேன்னு இப்ப சொல்லாதீங்க, சர்டிபிகேட் கைக்கு வந்த பிறகு, வருஷக் கடைசியில அனுபவச் சான்றிதழையும் வாங்கிட்டு சொல்லுங்க. வந்ததும் ரெண்டு செட் ஜெராக்ஸ் போட்டு, ஒரிஜினல பிளாஸ்டிக் கவர்ல போட்டு உங்க வீட்டுப் பெட்டியிலயே வைங்க. அந்த ஏஜென்ட் "சும்மா பாக்கறதுக்குத்தான்"னு கேட்டாலும் ஜெராக்ஸ் கூட கொடுக்காதீங்க.